பரதநாட்டிய வீடியோவுக்கு எந்த இசையைப் போட்டால் உரிமைச் சிக்கல் வராது?

சலங்கை_உறையூர்

வணக்கம். எங்கள் பரதநாட்டிய வகுப்புப் பிள்ளைகள் ஆடுவதைப் படம் பிடித்து யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போட ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை நான்கு வீடியோ ஏற்றியதில் இரண்டுக்குக் காப்பிரைட் க்ளெய்ம் வந்திருக்கிறது. ஒன்று, காசு கொடுத்து வாங்கிய மார்க்கம் (பரதநாட்டிய உருப்படி வரிசை) சிடியில் இருந்த ஜதிஸ்வரம். மற்றொன்று பாரதியார் பாட்டு, ஒரு ஆல்பத்திலிருந்து எடுத்தது. பாரதியார் பாட்டு நாட்டுடைமை ஆகிவிட்டது என்றுதானே சொல்கிறார்கள், அதற்கு எப்படி க்ளெய்ம் வரும்?

கேட்டுத் தெளிய வேண்டியவை நிறைய இருக்கின்றன. 30 விநாடிக்குள் எடுத்தால் தப்பில்லை என்பது உண்மையா? வீடியோவின் கீழே "இசை உரிமை அவர்களுக்கே" என்று எழுதிவிட்டால் போதுமா? பக்கவாத்தியக்காரர்களை வைத்து நாங்களே பதிவு செய்தால் அவர்களிடம் என்ன எழுதி வாங்க வேண்டும்? இலவச இசை தரும் தளங்களை நம்பலாமா? அடுத்து ஒரு அரங்கேற்றத்தை நேரலையாகக் காட்டப் போகிறோம். அதில் வருகிற தில்லானா லால்குடி ஜெயராமன் இயற்றியது, அன்னமாச்சாரியார் பதமும் ஒன்று உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி

டீச்சர், ஒரு பாட்டு என்று நாம் சொல்வதற்குள் மூன்று தனித்தனிச் சொத்து இருக்கிறது: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றுக்கும் உடைமையாளர் வேறு வேறாக இருக்கலாம், காலாவதி ஆகும் நாளும் வேறு வேறு. உங்களுக்கு வந்த இரண்டு க்ளெய்முமே மூன்றாவதான ஒலிப்பதிவின் மேல் வந்தவையாகத்தான் இருக்கும். பாரதியின் வரிகளுக்கான உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. அது சரி. ஆனால் அந்த ஆல்பத்தில் பாடியவர், வாசித்தவர், பதிவு செய்து வெளியிட்ட நிறுவனம், இவர்கள் உரிமை எதுவும் அதனால் பொதுவாகிவிடவில்லை. பாரதி பாட்டுக்குப் பின்னால் வந்த ஒருவர் புதிதாக மெட்டுப் போட்டிருந்தால் அந்த மெட்டும் அவருடையது. சிடியை வாங்கியது கேட்கவும் வகுப்பில் போட்டுப் பழகவும்தான். அதைப் படத்தோடு சேர்த்து ஊருக்குக் காட்டும் அனுமதி அந்த விலையில் அடங்காது.

கணக்கு இப்படி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவர் ஆயுள் முழுக்க, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் இன்னும் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. தியாகராஜர் மறைந்தது 1847, தீட்சிதர் 1835, சியாமா சாஸ்திரி 1827. இவர்கள் கீர்த்தனைகளில் யாருக்கும் உரிமை பாக்கி இல்லை. தஞ்சை நால்வரின் வர்ணங்களும் ஜதிஸ்வரங்களும் அப்படியே. பட்டணம் சுப்பிரமணிய ஐயர், முத்தையா பாகவதர் எல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று. மைசூர் வாசுதேவாச்சார் 1961-ல் காலமானார், ஆகவே 2021 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. பாரதிதாசன் 1964, அவருக்கு 2024 கடைசியோடு சரி.

மாட்டிக்கொள்வது இதற்குப் பின்னால் வருகிறவர்களிடம். பாபநாசம் சிவன் காலமானது 1973-ல். அவர் பாடல்கள் 2033 முடியும் வரை பாதுகாப்பில் இருக்கின்றன. நாட்டியக்காரர்கள் அவர் பாட்டு இல்லாமல் மார்க்கம் போடுவது அரிது, ஆனால் "பழைய பாட்டுதானே" என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். லால்குடி ஜெயராமன் 2013, ஆகவே 2073 வரை. பாலமுரளிகிருஷ்ணா 2016, அவருக்கு 2076 வரை. உங்கள் அரங்கேற்றத் தில்லானாவுக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். வாரிசுகளிடமோ, உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமோ கேளுங்கள்.

அன்னமாச்சாரியார் பதத்தில் இன்னொரு பொறி. வரி 15-ஆம் நூற்றாண்டு. ஆனால் இன்று மேடையில் கேட்கும் மெட்டுகளில் பல, 20-ஆம் நூற்றாண்டில் ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா (மறைவு 1979), நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி (மறைவு 2014) போன்றவர்கள் அமைத்தவை. திருப்பாவையும் இதே கதைதான். ஆண்டாள் பாசுரம் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் பரவலாகப் பாடப்படும் ராக அமைப்பு அரியக்குடி ராமானுஜ ஐயங்காருடையது. அவர் மறைந்தது 1967, எனவே 2027 முடிகிறவரை பொறுக்க வேண்டும். அதற்குள் ஆட வேண்டுமென்றால் உங்கள் பாடகரையே அந்தப் பாசுரத்துக்குப் புது மெட்டுப் போடச் சொல்லுங்கள். வரி இலவசம், மெட்டு உங்களுடையது, பதிவும் உங்களுடையது.

30 விநாடி என்ற கணக்கு சட்டத்தில் எங்குமே இல்லை. 10 விநாடி எடுத்தாலும் எடுத்ததுதான். 52-ஆம் பிரிவு சொல்லும் நியாயமான பயன்பாடு என்பது சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு. அதே பிரிவில், கல்விக்கூடத்தின் நிகழ்ச்சியில் ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் மட்டும் இருக்கும் அவையில் ஒலிப்பதிவைப் போட விலக்கு உண்டு. ஆனால் அதே நிகழ்ச்சியை நேரலையாக்கினால் அந்த அவை உலகம் முழுதும் ஆகிவிடும், விலக்கு போய்விடும். "உரிமை அவர்களுக்கே" என்று கீழே எழுதுவது மரியாதை, அனுமதி ஆகாது. இன்னும் சொல்லப்போனால், அது இன்னொருவர் சொத்து என்று தெரிந்தேதான் எடுத்தீர்கள் என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சான்று.

அரங்கு வாடகைக்கு எடுக்கும்போது ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். என்ற இசை உரிம அமைப்புகளுக்குக் கட்டணம் கட்டியிருப்பார்கள். முன்னது வரிக்கும் மெட்டுக்கும், பின்னது ஒலிப்பதிவுக்கும். அது அந்த அரங்கில் அன்றைக்கு ஒலிக்க மட்டும். படத்தோடு இசையைச் சேர்த்து வெளியிடுவது வேறு அனுமதி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "நாங்கள்தான் கட்டிவிட்டோமே" என்பவர்கள் நிறைய.

கஞ்சிரா_கன்சோல்

நடனத்துக்கு ஒலிப்பதிவு பண்ற பக்கத்திலிருந்து சொல்றேன் டீச்சர். உங்க மாதிரி வகுப்புக்கு நேர்வழி ஒண்ணுதான்: பழைய சாகித்யம், சொந்தப் பதிவு. செலவு ஒரு தடவைதான், அப்புறம் எத்தனை பிள்ளைங்க ஆடினாலும் அதே டிராக்.

முதல்ல அலாரிப்பு எடுங்க. திஸ்ர அலாரிப்புன்னா சொல்லுக்கட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம் போதும். மெட்டே இல்லாததால இன்னொருத்தர் பாட்டுன்னு யூடியூப் இயந்திரம் பொருத்திப் பிடிக்க வாய்ப்பு குறைவு. அது கைவந்ததும் தஞ்சை நால்வர் ஜதிஸ்வரம், அப்புறம் வர்ணம். வர்ணத்துல ஒரு விஷயம்: சாகித்யம் பழசா இருக்கலாம், ஆனா நடுவுல வர்ற தாளச் சொல்லுக்கட்டுகள், அதாவது திரிகால ஜதியும் தீர்மானங்களும், நட்டுவனார் கோத்தது. அது அவரோட கற்பனை. அவர்கிட்டயும் எழுதி வாங்கணும்.

பதிவு பண்ணும்போது குரல், நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல், சுருதி ஒவ்வொண்ணும் தனித்தனி டிராக்கா வரணும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். எம்பி3-ல மட்டும் கொடுத்தா வாங்காதீங்க. அந்தத் தனி டிராக்குகள் இருக்கிற ஹார்ட் டிஸ்க்குதான் நாளைக்கு யாராவது "இது எங்க பதிவு"ன்னு சொன்னா உங்களுக்குச் சாட்சி. கலந்து முடிச்ச ஃபைல் யார்கிட்ட வேணும்னாலும் இருக்கும், பாடகர் நடுவுல இருமின டேக் பதிவு பண்ணினவர்கிட்டதான் இருக்கும்.

சுருதிக்கு ஃபோன் செயலி வைக்காதீங்க. அதுல ஓடறதும் பெரும்பாலும் யாரோ மீட்டிப் பதிவு பண்ணின தம்புராதான். அதே சத்தம் ஆயிரம் பேர் பதிவுல அடியில ஓடிட்டு இருக்கும், அதுல ஒருத்தர் தன் ஆல்பத்தைக் கன்டென்ட் ஐடியில (யூடியூப் ஒலியைப் பொருத்திப் பார்க்கிற இயந்திரம்) சேர்த்திருந்தா உங்க வீடியோவோட முதல் இருபது விநாடி, வெறும் சுருதி ஓடற இடம், அதுல மாட்ட வாய்ப்பு இருக்கு. நிஜத் தம்புராவோ சுருதிப்பெட்டியோ வெச்சுப் பதிவு பண்ணிடுங்க.

எழுதி வாங்க வேண்டியது: உருப்படி பேரு, ராகம், தாளம், பதிவு நடந்த தேதி, இடம், யார் என்ன வாசிச்சாங்க, எவ்வளவு கொடுத்தீங்க, எதுக்கெல்லாம் பயன்படுத்துவீங்க. ஐந்து கலைஞர்னா ஐந்து கையெழுத்து. ஸ்டுடியோக்காரர்கிட்டயும் ஒரு வரி: பதிவுக்கு முன்கை எடுத்தவரும் பொறுப்பேத்துக்கிட்டவரும் நீங்கதான்னு. சட்டம் அப்படிப்பட்டவரைத்தான் ஒலிப்பதிவோட தயாரிப்பாளர்னு சொல்லுது.

இன்னொரு இடத்துல நிறைய பேர் விழறாங்க. பாடகர் அதே பதிவைத் தன் பேர்ல டிஸ்ட்ரிப்யூட்டர் மூலமா ஸ்பாடிஃபைக்கு அனுப்புவார். அந்தப் படிவத்துல கன்டென்ட் ஐடின்னு ஒரு கட்டம் இருக்கும், அதையும் டிக் பண்ணிடுவார். அடுத்த வாரம் நீங்க பணம் கொடுத்து எடுத்த பதிவுக்கே உங்க சேனலுக்கு க்ளெய்ம் வரும். யாரும் கெட்ட எண்ணத்துல பண்றதில்ல. ஒப்பந்தத்துலயே "கன்டென்ட் ஐடியில் சேர்ப்பதில்லை, சேர்த்தால் இந்தச் சேனலுக்கு விலக்கு அளிக்கப்படும்"னு போட்டுடுங்க.

படம் எடுக்கிற அன்னைக்கு: ஸ்பீக்கர்ல டிராக் ஓடும், பிள்ளை அதைக் கேட்டு ஆடும். கேமரா மைக்குல விழற சத்தத்தை அப்படியே வெளியிடாதீங்க, ஆனா அழிச்சிடவும் வேண்டாம். எடிட்டிங்ல சுத்தமான டிராக்கை அதோட பக்கத்துல வெச்சு, முதல் தட்டுக்கழி அடி விழற கூர்முனையைப் பார்த்து இரண்டையும் நேராக்கணும். கோப்போட ஆரம்பத்தை வெச்சு நேராக்கினா தப்பாயிடும், ஏன்னா புளூடூத் ஸ்பீக்கர்ல சத்தம் தாமதமா வரும், பிள்ளை அந்தத் தாமதத்தைக் கேட்டுத்தான் மிதிச்சிருக்கும். வயர் ஸ்பீக்கர்தான் நல்லது. கேமரா தூரமா இருந்தாலும் கொஞ்சம் கணக்குப் பாருங்க: சத்தம் ஒரு மீட்டர் நகர மூணு மில்லிசெகண்ட் ஆகும், பத்து மீட்டர்னா முப்பது. விநாடிக்கு 25 ஃப்ரேம்ல ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். அதாவது ஏறக்குறைய ஒரு ஃப்ரேம் விலகும். அலாரிப்புல தெரியாது, மூணாங்காலத் தீர்மானத்துல தட்டு மிதியும் கழியும் ஒட்டாம நிக்கும்.

44.1 கிலோஹெர்ட்ஸ் டிராக்கை மாத்தாம 48-னு தப்பாப் படிக்கிற எடிட்டிங் மென்பொருளும் உண்டு. அப்படி ஆனா வேகம் 9 சதவீதம் கிட்டக் கூடும், சுருதியும் ஒண்ணரை அரைச்சுரம் ஏறிடும். சலங்கைச் சத்தம் வேணும்னா தரையோரமா ஒரு மைக் தனியா வெச்சு, அடியில லேசாக் கலந்துக்கோங்க. ஆடறது உயிரோட தெரியும்.

ஏட்டுச்சுவடி

கஞ்சிரா சொன்ன ஒப்பந்தத்தில் நான்கு இடத்தை விட்டால் சட்டம் தானாகவே நிரப்பிவிடும், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. 19-ஆம் பிரிவைப் பாருங்கள். எத்தனை ஆண்டு என்று எழுதவில்லையென்றால் ஐந்தே ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியா மட்டும், யூடியூபோ உலகம் முழுதும் தெரிகிறது. உரிமை பெற்று ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லையென்றால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி. ஒரே மூச்சில் மார்க்கம் முழுக்கப் பதிவு செய்து வைத்துவிட்டு வர்ணத்தை இரண்டு வருஷம் கழித்து ஏற்றுகிறவர்கள் இந்த மூன்றாவதில்தான் சிக்குவார்கள். நான்காவது, எந்தெந்த ஊடகம் என்பது. ஒப்பந்தம் போட்ட நாளில் நடைமுறையில் இல்லாத ஊடகத்துக்கு, பெயர் சொல்லிக் குறிப்பிடாதவரை, அந்த உரிமை போகாது என்கிறது 18-ஆம் பிரிவு. ஆகவே யூடியூப், இன்ஸ்டாகிராம், நேரலை, இணையதளம், பென் டிரைவ் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவாருங்கள்.

வாசித்தவர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக 50 ஆண்டு உண்டு. அந்த வீடியோ வணிகமாகப் பயன்பட்டால் அவர்களுக்கு ராயல்டி கேட்கும் உரிமையும் 2012 திருத்தத்துக்குப் பின் உண்டு. சன்மானம் கொடுத்தாயிற்று, கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். விளம்பர வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்பதை ஒரு வரியில் எழுதிவிடுவதுதான் கலைஞர்களுக்கும் நியாயம். அவர்கள் பெயரை வீடியோவின் கீழே ஒன்றுவிடாமல் போடுங்கள். அது அவர்களுக்குச் சட்டப்படியே உள்ள உரிமை.

சலங்கை_உறையூர்

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இப்போது வந்திருக்கிற இரண்டு க்ளெய்மையும் என்ன செய்வது? சேனலே போய்விடுமோ என்று பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். தட்டடவு, நாட்டடவு மாதிரி அடிப்படை அசைவுகளைக் காட்டும் சின்ன வீடியோக்களுக்குப் பின்னணியாகப் போட இலவச இசை எங்கே எடுக்கலாம் என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். கடைசியாக, பழைய கிராமபோன் தட்டு ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடக்கின்றனவே, அவற்றை எடுக்கலாமா?

நிகழ்படம்

பயப்பட வேண்டாம். க்ளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. க்ளெய்ம் என்பது கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம் ஒலியைப் பொருத்திப் பார்த்து ஒட்டிய சீட்டு. வருமானம் அவர்களுக்குப் போகும், அல்லது சில நாடுகளிலோ எல்லா நாட்டிலுமோ வீடியோ தெரியாது, அவ்வளவுதான். சேனலுக்குக் கரும்புள்ளி கிடையாது. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் வீடியோவை நீக்கச் சொல்லிச் சட்டப்படி கேட்டு வருவது. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனல் மூடப்படும்.

உங்கள் இரண்டுக்கும் டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போடாதீர்கள். பதிவு உங்களுடையது அல்ல, அவர்கள் கேட்பது சரிதான். யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவைத் திறந்து, க்ளெய்ம் விவரத்துக்குள் போனால் அந்தப் பகுதியை வெட்டலாம், ஒலியை அடக்கலாம், நூலகத்து இசையால் மாற்றலாம். அதே முகவரி, அதே பார்வை எண்ணிக்கை நிற்கும். ஆனால் ஜதிஸ்வரத்துக்கு வேறு இசையை மாற்றி வைத்தால் தாளமே போய்விடும், அதைச் செய்யாதீர்கள். ஒன்று, வெளியீட்டாளரிடம் அனுமதி கேளுங்கள், அல்லது வீடியோவை எடுத்துவிட்டுச் சொந்தப் பதிவோடு திரும்ப ஆடுங்கள். அனுமதி கேட்கும் மின்னஞ்சலில் ஆல்பம் பெயர், டிராக் எண், எத்தனை நிமிடம் எடுத்தீர்கள், சேனல் முகவரி, வருமானம் வருகிறதா இல்லையா, எவ்வளவு காலத்துக்கு வேண்டும், இத்தனையும் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். "உங்கள் பாட்டைப் பயன்படுத்தலாமா" என்று மட்டும் கேட்டால் பதில் வருவது கடினம்.

நாளைக்குச் சொந்தப் பதிவுக்குத் தப்பாக க்ளெய்ம் வந்தால் மட்டும் டிஸ்ப்யூட். கர்நாடக இசையில் இது நடக்கும், ஏனென்றால் இயந்திரம் மெட்டையும் பொருத்திப் பார்க்கிறது. ஒரே வர்ணத்தை இரண்டு பேர் ஒரே சுருதியில் ஒரே காலப்பிரமாணத்தில் பாடினால் அதற்கு ஒன்றாகத்தான் கேட்கும். க்ளெய்ம் வந்த ஐந்து நாளுக்குள் போட்டால் முதல் நாளிலிருந்து வருமானத்தைப் பிடித்து வைப்பார்கள், தாமதித்தால் போட்ட நாளிலிருந்துதான். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். மறுத்தால் மேல்முறையீடு, அதற்கு 7 நாள். மேல்முறையீட்டில் தோற்றால் ஸ்ட்ரைக் ஆகலாம், ஆகவே கையில் காகிதம் இல்லாமல் அந்தப் படி ஏறக் கூடாது. எழுதும்போது உணர்ச்சி வேண்டாம்: சாகித்யம் இன்னார் இயற்றியது, அவர் மறைந்த ஆண்டு இது, இந்தப் பதிவு இந்தத் தேதியில் இந்த ஊரில் எங்களால் எடுக்கப்பட்டது, வாசித்தவர்கள் இவர்கள், ஒப்பந்தம் உள்ளது. நான்கு வரி போதும்.

ஏற்றும்போதே "சோதனைகள்" என்று ஒரு படி வரும். அது முடிகிறவரை வெளியிடாமல் வைத்திருந்தால் க்ளெய்ம் இருக்கிறதா என்று முன்பே தெரியும். அரங்கேற்ற நேரலைக்கு அந்த வசதி இல்லை. இடைவேளையில் அரங்குக்காரர் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போட்டுவிடுவார், அதிலேயே நேரலை தடைபடலாம். முன்கூட்டியே சொல்லி அந்தப் பதினைந்து நிமிடம் ஒலியை அடைத்துவிடுங்கள்.

இலவச இசைக்கு முதல் இடம் யூடியூப் ஸ்டுடியோவுக்குள் இருக்கும் ஆடியோ லைப்ரரி. அதில் இரண்டு வகை: பெயர் போட வேண்டாதவை, கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்க்குறிப்பு உரிமத்தில் இருப்பவை. இரண்டாவதை எடுத்தால் அங்கே தரும் வாசகத்தை அப்படியே வீடியோவின் கீழே ஒட்ட வேண்டும். ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ், சிசிமிக்ஸ்டர், பிக்ஸாபே எல்லாம் உண்டு, முதல் இரண்டில் ஒவ்வொரு டிராக்குக்கும் உரிமம் தனி. இறக்கும் அன்றைக்கே அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து டிராக்கோடு அதே ஃபோல்டரில் வையுங்கள். போட்டவர் பிறகு உரிமத்தை மாற்றினாலும் பக்கத்தை எடுத்துவிட்டாலும் உங்களிடம் சான்று இருக்கும்.

எபிடெமிக் சவுண்ட் போன்ற சந்தாத் தளங்களில் பணம் கட்டியிருக்கும்போது வெளியிட்ட வீடியோவுக்குத்தான் உரிமம் நிற்கும். சந்தா முடிந்தபின் அதே டிராக்கைப் புது வீடியோவில் போடக் கூடாது. சேனலை அவர்கள் பக்கத்தில் இணைக்க மறந்தால் பணம் கட்டியும் க்ளெய்ம் வரும். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தத் தளங்களில் ஆதி தாளத்தில் அடவுக்கு ஒட்டுகிற இசை தேடுவது வீண் அலைச்சல். அடவு வீடியோவுக்கு இசையே வேண்டாம். தட்டுக்கழியும் "தெய்யா தெய்"யும் போதும், கேட்கவும் அதுதான் அழகு.

இன்ஸ்டாகிராமில் கணக்கு எந்த வகை என்று பாருங்கள். வணிகக் கணக்கென்றால் சினிமாப் பாட்டு நூலகம் திறக்காது, மெட்டா சவுண்ட் கலெக்ஷன் மட்டும். தனிநபர் கணக்கில் திறக்கும். ஆனால் அந்த ரீலை விளம்பரமாகப் பணம் கட்டித் தூக்கிவிட முடியாது. அங்கே இசையோடு செய்ததை இறக்கி யூடியூபில் ஏற்றுவதும் தப்பு, ஏனென்றால் அந்த அனுமதி அந்தச் செயலிக்குள் மட்டும். ஷார்ட்ஸும் அப்படியே. ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை போகலாம், ஆனால் ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் க்ளெய்ம் இருந்தால் எங்குமே தெரியாது.

வெள்ளவத்தை_வீணை

கொழும்பில் இருந்து ஒரு விடயம். இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவரின் ஆயுளுக்குப் பிறகு 70 ஆண்டு. எங்கட நாட்டு இசையமைப்பாளரின் பாட்டை எடுத்து ஆடினால் 60 என்று கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம். இங்கே ஆசிரியர்மார் பலர் இந்தியக் கணக்கைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். அரங்கேற்றத்துக்கு இந்தியாவில் இருந்து பக்கவாத்தியக் கலைஞர்களை அழைத்தால், பயணச் சீட்டு அனுப்பும்போதே நேரலை ஒப்பந்தத்தையும் அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கோ. மேடையேறுவதற்கு அரை மணித்தியாலம் முன் காகிதத்தை நீட்டினால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

ஏட்டுச்சுவடி

நிகழ்படம் சொன்ன கிரியேட்டிவ் காமன்ஸில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் "என்.டி." என்று இருந்தால், அதாவது மாற்றம் செய்யாதே என்ற நிபந்தனை, நாட்டிய வீடியோவுக்கு எடுக்கவே கூடாது. "நான் பாட்டை வெட்டவில்லை, முழுசாகத்தான் போட்டேன்" என்று வாதாட முடியாது. அசையும் படத்தோடு நேரம் பொருத்தி இசையைச் சேர்ப்பதே மாற்றம்தான் என்று அந்த உரிமத்தின் 4.0 பதிப்பு வாசகத்திலேயே எழுதியிருக்கிறது. "எஸ்.ஏ." என்றால் உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும், பிள்ளைகளின் பெற்றோர் அதற்குச் சம்மதிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "என்.சி." வணிகம் அல்லாததற்கு. கட்டணம் வாங்கும் வகுப்புக்கு ஆள் சேர்க்கும் வீடியோ அதில் அடங்கும் என்று நான் துணிந்து சொல்ல மாட்டேன். பெயர்க்குறிப்பு மட்டும் கேட்கும் உரிமம்தான் உங்களுக்குத் தோது.

கிராமபோன் தட்டு விஷயம். இந்தியக் கணக்கில் 1964 வரை வெளியானவற்றின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் வரி, மெட்டு கணக்கு தனி. 1940-களின் எம்.கே. தியாகராஜ பாகவதர் படப் பாட்டுகள் பலவற்றுக்கு வரி பாபநாசம் சிவனுடையது. ஒலிப்பதிவு எப்போதோ காலாவதி ஆகியிருந்தும் வரி 2033 வரை பூட்டியே கிடக்கிறது. படத்துக்காக எழுதியதால் உரிமை தயாரிப்பாளரிடம் போயிருக்கலாம், கால அளவு மட்டும் எழுதியவர் ஆயுளை வைத்துத்தான். அமெரிக்காவில் பழைய ஒலிப்பதிவுகளுக்கு வேறு கணக்கு: 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டு, 1947 முதல் 1956 வரை 110 ஆண்டு. இங்கே திறந்தது அங்கே பூட்டியிருக்கும். அந்தத் தட்டைத் துலக்கி மறுவெளியீடு செய்த நிறுவனம் கன்டென்ட் ஐடியில் சேர்த்திருந்தால் க்ளெய்மும் வரும். தட்டுகளைக் கேட்டுப் பாடம் பண்ணுங்கள், ஆடுவதற்கு உங்கள் பாடகரைப் பாடச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தின் நடு வாசகம் மாதிரிக்கு ஒன்று தருகிறேன். கையெழுத்துப் போடும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள்:

"மேற்கண்ட உருப்படியில் என் பாட்டை / வாசிப்பை ஒலியாகவும் ஒளியாகவும் பதிவு செய்யவும், அப்பதிவை யூடியூப், இன்ஸ்டாகிராம், பேஸ்புக், வகுப்பின் இணையதளம், நேரலை, பென் டிரைவ் ஆகியவற்றிலும் இனி வரும் இணைய ஊடகங்களிலும் நடனக் காட்சியோடு சேர்த்து வெளியிடவும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை நிலவும் காலம் முழுமைக்கும் உரிமை அளிக்கிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லை என்பதால் இவ்வுரிமை முடிவுறாது. சன்மானமாக ரூபாய் ______ பெற்றுக்கொண்டேன். வணிக வருமானத்தில் என் பங்கு ____ சதவீதம். இப்பதிவை நான் கன்டென்ட் ஐடியில் சேர்க்க மாட்டேன். என் பெயர் ஒவ்வொரு வெளியீட்டிலும் குறிப்பிடப்பட வேண்டும்."

சலங்கை_உறையூர்

வாசகத்தை எழுதி எடுத்துக்கொண்டேன் சார். தில்லானாவுக்கு அனுமதிக் கடிதம் இன்றே அனுப்புகிறேன். அரங்கேற்றத்துக்குள் பதில் வராவிட்டால் நேரலையை மட்டும் தில்லானாவுக்கு முன்னால் நிறுத்திவிடலாமா?

ஏட்டுச்சுவடி

நிறுத்தலாம். ஆனால் பிள்ளையின் அரங்கேற்றத்தை வெளியூரிலிருந்து பார்க்கும் உறவினர்கள் அந்தக் கட்டத்தில் ஏமாந்து போவார்கள். பட்டணம் சுப்பிரமணிய ஐயரோ, பூச்சி சீனிவாச ஐயங்காரோ இயற்றிய தில்லானா ஒன்றையும் கூடவே பாடம் பண்ணி வையுங்கள். முன்னவர் 1902, பின்னவர் 1919. பதில் வராவிட்டால் அதை ஆடி நேரலையை மங்களம் வரை கொண்டுபோகலாம்.

கஞ்சிரா_கன்சோல்

அப்படி மாத்தறதா இருந்தா மிருதங்கக்காரருக்கும் நட்டுவனாருக்கும் இப்பவே சொல்லிடுங்க டீச்சர். தில்லானா மாறினா கோர்வையும் அறுதியும் மாறும். இரண்டு ஒத்திகையாவது வேணும்.